மியூனிக்கில் துணி துவைக்கப் பூந்திக்கொட்டை போதுமா?

"அக்கா, வாஷிங் பவுடருக்கே காசு கரைகிறது. அம்மா ஊரிலிருந்து ஒரு பை பூந்திக்கொட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதை விடுதி மெஷினில் போடலாமா? சோப்பைச் சீவிச் சலவை சோடாவோடு காய்ச்சினால் மலிவாக முடியும் என்கிறார்களே, செய்யலாமா? பவுடரால் உடம்பும் அரிக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

பூந்திக்கொட்டையைப் போடலாம். காய்ச்சிய சோப்பு மட்டும் இந்த ஊரில் வேண்டாம். காரணம் தண்ணீர். மியூனிக்கின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. குடிக்க அருமையான தண்ணீர்தான், ஆனால் சுண்ணாம்பு அதிகம். தண்ணீரின் கடினத்தைக் காட்டும் ஜெர்மன் அளவில் 14 டிகிரியைத் தாண்டினால் கடின நீர்; நம் தண்ணீர் அதைத் தாண்டியது. சோப்பு இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்தவுடன் கரையாத பிசுக்காக மாறிவிடும். பவுடர் போடும் இழுப்பறையின் பின்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள். சோப்பு காய்ச்சி ஊற்றுகிறவர்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் மெழுகு போல ஒட்டும். அதே பிசுக்கு துணியிலும் தங்கும். துண்டு விறைக்கும், வெள்ளைச் சட்டை மங்கும், கொஞ்ச நாளில் வாடை வரும். விடுதி மெஷின் உங்களுடையதும் இல்லை. குழாய் அடைத்துக்கொண்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கையும் சரியாகப் போட்டுப் பாருங்கள். மலிவுக் கடைகளின் சொந்தப் பெயரில் விற்கும் பவுடரில் ஒரு சலவைக்கு 20 சென்ட் அளவில்தான் ஆகும். விடுதி மெஷினில் ஒரு முறை துவைக்க இரண்டு மூன்று யூரோ கொடுக்கிறீர்கள். அதனால் பணம் மிச்சமாவது டிரம்மை நிரப்பித் துவைப்பதில்தான். பருத்தித் துணி என்றால் மேலே உள்ளங்கை நுழையும் அளவு இடம் விட்டு நிரப்புங்கள். பாதி டிரம்மை ஓடவிடுவதுதான் உண்மையான வீண்செலவு.

இனி பூந்திக்கொட்டை. அதிலுள்ள சப்போனின் என்ற இயற்கைப் பொருள் சோப்பு போல நுரை தரும், லேசான வியர்வையையும் தூசியையும் எடுக்கும். கறைக்கும் எண்ணெய்க்கும் அது போதாது. பவுடரில் இருக்கும் நொதிகளும் (என்சைம்கள்) வெளுப்பானும் அதில் கிடையாது. ஆகவே அம்மா கொடுத்ததை ஜீன்ஸிலும் படுக்கை விரிப்பிலும் தீர்த்துவிடாதீர்கள். பட்டு வேட்டிக்கும் கம்பளி ஸ்வெட்டருக்கும் எடுத்து வையுங்கள். விதை நீக்கிய நாலைந்து ஓடுகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டி, ஆறிய நீரில் கையால் அலசுங்கள். சாதாரணப் பவுடரின் நொதி கம்பளியையும் பட்டையும் அரிக்கக்கூடும். அந்த இடத்தில் பூந்திக்கொட்டையை நான் இன்றும் முழுமனதோடு நம்புகிறேன்.

அதே சப்போனின் இங்கே மரத்திலிருந்து இலவசமாக விழுகிறது, தெரியுமா? திறந்தவெளியில் பீர் பரிமாறும் பீர்த் தோட்டங்களில் நிழல் தரும் பெரிய மரங்கள் பெரும்பாலும் குதிரைக் கஷ்கொட்டை மரங்கள். பீரைச் சேமித்த நிலவறைகள் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் நட்ட வகை. செப்டம்பர் கடைசியில் பளபளவென்ற பழுப்புக் கொட்டைகள் நடைபாதை முழுக்கக் கிடக்கும். வறுத்துத் தின்னும் கஷ்கொட்டை வேறு, இதைத் தின்னக்கூடாது. பச்சை ஓட்டில் முள் இடைவெளி விட்டு இருந்தால் இது, அடர்ந்த ஊசிகளாக இருந்தால் அது.

ஒரு சலவைக்கு ஆறேழு கொட்டைகள் போதும். பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, 300 மில்லி தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தண்ணீர் பால் போல வெளுத்திருக்கும். குலுக்கினால் நுரை பொங்கும். வடிகட்டி நேரே இழுப்பறையில் ஊற்றலாம். வெளிர் நிறத் துணி என்றால் பழுப்புத் தோலை உரித்துவிட வேண்டும், இல்லையென்றால் சாயம் ஏறும். இந்த நீர் ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால் அவ்வப்போது செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு வேண்டுமென்றால் பொறுக்கிய அன்றே சிறு துண்டுகளாக நறுக்கி ஹீட்டர் அருகே பரப்பிக் காயவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். சுவரேறும் ஐவி இலையையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். அதன் சாறு சிலருக்குத் தோலில் கொப்புளம் வரவைக்கும். ஏற்கெனவே அரிப்பு இருக்கும் உங்களுக்கு அது வேண்டாம்.

நான் மாதாமாதம் வாங்குவது சலவை சோடா. நம் ஊரில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணில் வேலை செய்ததும் இதே சோடியம் கார்பனேட்தான். பருத்தித் துணிக்கு, பெட்டியில் மென்னீருக்கு என்று போட்டிருக்கும் குறைந்த அளவு பவுடரோடு ஒரு மேசைக்கரண்டி சோடா சேர்த்தால் இந்தத் தண்ணீரிலும் நன்றாக வெளுக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகவே ஆகாது. வாங்கும்போது பெட்டியைக் கவனமாகப் பாருங்கள்: நாட்ரோன் என்பது ஆப்ப சோடா, அதற்கு இந்த வலு இல்லை, எட்ஸ்நாட்ரோன் என்பது காஸ்டிக் சோடா, தோலையே எரித்துவிடும். உங்களுக்கு வேண்டியது வாஷ்சோடா.

சோடா போட்டால் துணியில் மெல்லிய சுண்ணாம்பு தங்கலாம். அதற்குக் கடைசி அலசலில் சிட்ரிக் அமிலம், நாம் லெமன் சால்ட் என்று வாங்குவது. ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி கரைத்துப் புட்டியில் வைத்து, 50 மில்லி மட்டும் சாஃப்ட்னர் பகுதியில் ஊற்றுங்கள். வாசனை சாஃப்ட்னருக்கு இனிக் காசு கொடுக்க வேண்டாம். சோடாவையும் இதையும் ஒரே பகுதியில் போட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். வினிகரை அடிக்கடி ஊற்றினால் மெஷினின் ரப்பர் வளையம் கெடும் என்பதால் நான் சொல்வதில்லை.

மஞ்சள் கறை பட்டால் பயப்படாதீர்கள். சோடா பட்டதும் அது செக்கச்செவேலென்று மாறும். காரம் பட்டால் மஞ்சளின் குணம் அது. துவைத்து ஈரத்தோடு வெயிலில் போட்டால் மறைந்துவிடும். வெயிலே இல்லாத நவம்பரில் ஆக்சிஜன் வெளுப்பானோடு 60 டிகிரியில் ஓடவிடுங்கள், வெள்ளைப் பருத்திக்கு மட்டும். எண்ணெய்க் கறைக்குக் கால்ஸைஃப என்ற கட்டி சோப் நன்றாக வேலை செய்யும். அது மாட்டுப் பித்தநீர் சேர்த்தது. சைவம் என்றால் தாவர வகை கேட்டு வாங்குங்கள்.

அரிப்புக்குப் பெரும்பாலும் வாசனைப் பொருளும் அளவுக்கு மீறிய பவுடரும்தான் காரணமாக இருக்கும். வாசனை சேர்க்காத, 'சென்சிடிவ்' என்று போட்ட பவுடருக்கு மாறி, கரண்டியால் அளந்து போடுங்கள். கூடுதல் அலசல் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அதற்குப் பிறகும் அரித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரம் வாசனையில்லாப் பவுடர், வாஷ்சோடா, சிட்ரிக் அமிலம் மூன்றும் வாங்கினால் போதும். ஞாயிறு கடை கிடையாது, சனிக்கிழமையே போய்விடுங்கள்.