நிழல் விழும் மாடிக்கு மைக்ரோ இன்வெர்ட்டர் அவசியமா?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைக்க இரண்டு பேரிடம் விலைப்புள்ளி வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் 540 வாட் பேனல்கள் ஆறு. சுவரில் மாட்டும் ஒரே இன்வெர்ட்டருடன் 1,95,000 ரூபாய் என்கிறார் ஒருவர். பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைத்து 2,45,000 ரூபாய் என்கிறார் மற்றவர். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் ஒரு பேனலின் ஓரத்தில் விழும் என்பதால், சாதாரண இன்வெர்ட்டர் வைத்தால் ஆறு பேனலும் சேர்ந்து படுத்துவிடும் என்று அவர் சொல்கிறார். ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

பதில்: அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள, இரண்டு அமைப்பும் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம்.

பேனலில் உண்டாவது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம். வீட்டுக்கு வேண்டியது திசை மாறி மாறி ஓடும் 230 வோல்ட் ஏசி மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றுவதுதான் இன்வெர்ட்டரின் வேலை. வழக்கமான அமைப்பில் ஆறு பேனல்களும் ஒரே சரமாகத் தொடுக்கப்படுகின்றன. 540 வாட் பேனல் ஒன்று நல்ல வெயிலில் ஏறக்குறைய 41 வோல்ட்டும் 13 ஆம்பியரும் தரும். ஆறையும் தொடுக்கும்போது வோல்ட் கூடிக்கொண்டே போய் 250-ஐ நெருங்கும். ஆம்பியர் மட்டும் அதே 13-ஆக நிற்கும். அந்த டிசி மின்சாரம் கீழே இறங்கிவந்து சுவரிலுள்ள இன்வெர்ட்டரில் ஏசியாக மாறுகிறது. மைக்ரோ இன்வெர்ட்டரோ தடித்த புத்தகம் அளவுள்ள ஒரு பெட்டி. பேனலுக்கு அடியில் சட்டத்தோடு திருகப்பட்டு, அந்த ஒரு பேனலின் மின்சாரத்தை அங்கேயே ஏசியாக்கிவிடும். மாடியிலிருந்து இறங்கும் கம்பியில் ஏசிதான் வரும்.

வெயிலும் சூடும் மாற மாற, எத்தனை வோல்ட்டில் இழுத்தால் பேனல் அதிகபட்ச வாட் தரும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிக்கும் பகுதிக்கு எம்பிபிடி என்று பெயர். சுவர் இன்வெர்ட்டரின் எம்பிபிடி ஆறு பேனலுக்கும் பொதுவாக ஒரு புள்ளியைத் தேடுகிறது. மைக்ரோ இன்வெர்ட்டரில் ஒவ்வொரு பேனலுக்கும் தனித் தேடல் நடக்கிறது. பேனல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வெயிலில் இருக்கும்போது இது பெரிய வசதி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு பேனலில் நிழல் விழுந்தால் ஆறும் படுத்துவிடும் என்பது மிகை. இப்போது விற்கும் பேனல்களில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கின்றன. நிழல் பட்ட பகுதி ஆம்பியரை இழுத்துப் பிடிக்கத் தொடங்கினால், அந்தப் பகுதியை மட்டும் தாண்டி மின்சாரம் போக அவை வழிவிடும். பேனலின் மூன்றில் ஒரு பங்கு இப்படி விலகினால் சரத்தில் குறைவது ஏறக்குறைய 14 வோல்ட். உச்சி வெயிலிலேகூட 3,240 வாட்டில் 180 வாட்தான் இழப்பு. மாலை நான்கு மணிக்கு மேல், மொத்த உற்பத்தியே சரிந்துவிட்ட நேரத்தில், அது இன்னும் குறைவு. விற்பவர்கள் சொல்லாமல் விடும் இன்னொரு விஷயம்: எந்த இன்வெர்ட்டர் வைத்தாலும் நிழலில் கிடக்கும் பேனலுக்கு வெயில் வந்துவிடப் போவதில்லை. மைக்ரோ இன்வெர்ட்டர் மற்ற ஐந்தையும் காப்பாற்றும். உங்கள் மாடியில் அந்த ஐந்தும் ஏற்கெனவே பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கின்றன.

ஆகவே, நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரே நிழலுக்காக ஐம்பதாயிரம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக ஒரு நாள் முழுவதும் மாடியில் சாக்பீஸை வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு முறை தொட்டி நிழலின் விளிம்பைக் கோடு போட்டுப் பாருங்கள். இதை ஆனி மாதத்தில் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஆனியில் உச்சிப் பொழுதின் நிழல் தெற்கே, குட்டையாக விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நண்பகலிலேயே தொட்டி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு நிழல் வடக்கே நீளும். தொட்டி பேனலுக்குத் தெற்கே இருந்தால் அந்த நீளத்தையும் சேர்த்து இடம் விடச் சொல்லுங்கள். பேனலை நான்கடி தள்ளி வைப்பதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.

பக்கத்து வீட்டுத் தென்னை மரங்களின் நிழல் நாலைந்து பேனல்களில் துண்டு துண்டாக அலைந்துகொண்டே இருந்தாலோ, இடம் போதாமல் இரண்டு பேனல் கிழக்கிலும் நான்கு மேற்கிலும் வைக்க நேர்ந்தாலோ என் பதில் மாறும். அங்கே மைக்ரோ இன்வெர்ட்டர் கொடுத்த காசுக்கு உழைக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் காணொளிகளில் மைக்ரோ இன்வெர்ட்டரையே சிறந்தது என்கிறார்களே?

பதில்: அவர்கள் ஊருக்கு அது பொருந்தும். அங்கே பல வீடுகளுக்கு மரச் சட்டத்தின் மேல் பல திசையில் சரியும் கூரை. பேனல்கள் கூரையை ஒட்டியே பதிக்கப்படுகின்றன. தீப்பிடித்தால் கூரை மீது ஏறும் தீயணைப்பு வீரருக்கு உயர் வோல்ட் டிசி கம்பி ஆபத்து என்பதால், கூரைமேல் உள்ள வோல்ட்டை உடனடியாக இறக்கும் ஏற்பாடு வேண்டுமென்று அந்நாட்டு மின் விதித்தொகுப்பு 2014 பதிப்பில் சொல்லி, 2017 பதிப்பில் அதை மேலும் கடுமையாக்கியது. மைக்ரோ இன்வெர்ட்டரில் பேனலுக்கு அப்பால் டிசி செல்வதே இல்லையாதலால் அந்த விதி எளிதில் நிறைவேறுகிறது. பாதுகாப்பு நமக்கும் முக்கியம்தான். ஆனால் தட்டையான கான்கிரீட் மாடியில், டிசி கம்பியைத் தரமான குழாய்க்குள் கொண்டுவந்து, கனெக்டர்களை ஒரே தயாரிப்பாகச் சரியான கருவியால் அழுத்திப் பொருத்தினால் பெரும்பகுதி ஆபத்து விலகிவிடும்.

கேள்வி: மின்வெட்டு நேரத்தில் மைக்ரோ இன்வெர்ட்டர் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. மின்வாரியத்தின் மின்சாரம் நின்றதும் இரண்டு வகையுமே தானாக நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. மின்வெட்டிலும் இயங்க வேண்டுமானால், பேட்டரியும் வீட்டை மின்வாரிய இணைப்பிலிருந்து பிரித்துவிடும் கருவியும் சேர்ந்த தனி அமைப்பு வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய யுபிஎஸ்ஸோடு கோத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மைக்ரோ இன்வெர்ட்டருக்கு 25 ஆண்டு வாரண்டி என்கிறார்கள். சுவர் இன்வெர்ட்டருக்கு 10 ஆண்டுதானே?

பதில்: வாரண்டியில் ஆண்டுக் கணக்கை விட, எதற்கு வாரண்டி என்பதைப் படியுங்கள். என் தங்கை வீட்டில் ஆறில் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் இரண்டாம் ஆண்டில் நின்றுபோனது. கைபேசிச் செயலியில் ஐந்து கட்டங்கள் நீலமாகவும் ஒன்று சாம்பல் நிறத்திலும் தெரிந்ததால்தான் விஷயமே தெரிந்தது. மற்ற ஐந்தும் ஓடிக்கொண்டே இருந்தன. அதுவே சுவர் இன்வெர்ட்டராக இருந்திருந்தால் மொத்தமும் நின்றிருக்கும். ஆனால் புதிய பெட்டி இலவசமாக வர மூன்று வாரம் ஆனது. கழற்றி மாட்டும் கூலி வாரண்டியில் இல்லையென்று அமைத்துக் கொடுத்தவர் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். பேனல்கள் தலைக்கு மேல் உயரச் சட்டத்தில் இருந்ததால் ஏணி போட்டுக் கீழிருந்தே கழற்ற முடிந்தது. தரையை ஒட்டிப் பதித்திருந்தால் பேனலையே தூக்கியிருக்க வேண்டும்.

ஆகவே, வாரண்டி யார் பெயரில், கூலி சேர்த்தா, எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை வரிசை எண்களோடு எழுதி வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் 3 கிலோவாட்டுக்கு இரண்டு வகையிலும் ஒன்றுதான். மைக்ரோ வைத்தால் கூடுதல் மானியம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: 540 வாட் பேனலுக்கு எத்தனை வாட் மைக்ரோ இன்வெர்ட்டர் சரி?

பதில்: நம் ஊர் வெயிலில் பேனலின் செல்கள் 65 டிகிரி வரை சூடேறும், அப்போது 540 வாட் பேனல் ஏறக்குறைய 465 வாட்தான் தரும். எனவே தொடர்ந்து 450 வாட்டுக்கு மேல் தரக்கூடியது போதும். 380 வாட்டில் நிற்பது என்றால் நண்பகல் மின்சாரம் தினமும் வீணாகும். பேனலின் ஆம்பியரை மைக்ரோ இன்வெர்ட்டர் தாங்குமா என்பதையும் பாருங்கள்: பழைய மாடல்கள் சில 12 ஆம்பியருக்கு மேல் ஏற்காது, உங்கள் பேனலோ 13 தரும்.