புதிய போப் யாருடைய ஆள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய போப் தேர்வானதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே சண்டை. ‘அமெரிக்கா வாடிகனையும் பிடித்துவிட்டது’ என்கிறார் சித்தப்பா. ‘இவர் இடதுசாரி, டிரம்ப்புக்கு ஆகாதவர்’ என்கிறான் அண்ணன் மகன். உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஊர் உலகமெல்லாம் நடந்தது. 2025 மே 8 மாலை ராபர்ட் பிரிவோஸ்ட் லியோ என்ற பெயரில் புதிய போப் ஆகிறார் என்று அறிவித்ததுமே, முதல் அமெரிக்க போப் கிடைத்தது நாட்டுக்கே பெருமை என்றார் டிரம்ப். அவருடைய தீவிர ஆதரவாளர் லாரா லூமரோ புதிய போப்பை மார்க்சியர் என்று ஏசினார். முதலில் குடும்பம், பிறகு அண்டை வீட்டார், நாடு, அப்புறம்தான் உலகம் என்று துணை அதிபர் வான்ஸ் சொன்னது தவறு, அன்பை அப்படி வரிசைப்படுத்தச் சொல்லி இயேசு கேட்கவில்லை என்ற கட்டுரை ஒன்று பிப்ரவரியில் பிரிவோஸ்ட் பெயரிலுள்ள எக்ஸ் கணக்கில் பகிரப்பட்டிருந்தது. முந்தைய போப் பிரான்சிஸ் 2013இல் வேண்டாமென்று விட்ட மரபான சிவப்புத் தோளாடையை இவர் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து மரபுவாதிகள் சிலர் நிம்மதியடைந்தார்கள். ஆளாளுக்கு ஒரு லியோ. இதிலெல்லாம் அந்த மனிதரைப் பற்றி நமக்குத் தெரியவருவது மிகக் குறைவு.

அவரைத் தெரிந்தவர்கள் தென்னமெரிக்க நாடான பெருவில் இருக்கிறார்கள். 1985இல் அகுஸ்தினார் சபைக் குருவாக அங்கே போனவர். பின்னாளில் வட பெருவின் சிக்லாயோ மறைமாவட்டத்துக்கு ஆயர் (பிஷப்) ஆனார். 2015இல் பெரு குடியுரிமையும் பெற்றார். மழைவெள்ளத்தில் ரப்பர் பூட்ஸோடு சேற்றுத் தண்ணீரில் நிற்கும் அவருடைய படத்தைத் தேடிப் பாருங்கள். கொரோனா காலத்தில் மூச்சுக்குத் தவித்த ஊருக்கு, நன்கொடை திரட்டி ஆக்சிஜன் ஆலைகள் வாங்க முன்நின்றார். அவர் தேர்வானதும் அங்கே ஓர் உணவகம் ‘போப் சாப்பிட்ட இடம் இது’ என்று பலகையே வைத்துவிட்டது. அவரும் தேர்வான அன்று வாடிகன் மாடத்தில் நின்று இத்தாலியத்தில் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் ஸ்பானிய மொழிக்கு மாறி சிக்லாயோவை வாழ்த்தினார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

அண்ணன் மகனுக்கு: லியோ என்ற பெயரை ஏன் எடுத்தார் என்று இரண்டு நாள் கழித்து கர்தினால்களிடம் அவரே சொன்னார். பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் உரிமைக்காகச் சுற்றுமடல், அதாவது திருச்சபைக்குப் போப் விடுக்கும் கடிதம், எழுதியவர். இன்று செயற்கை நுண்ணறிவு உழைப்பவனுக்கு அதே சவாலைக் கொண்டுவந்திருக்கிறது என்றார். அதே மடல் சோஷலிசத்தையும் மறுத்தது. நம்முடைய கட்சிப் பெட்டிகளில் இது அடங்காது.

எல்லோரும் கொண்டாடியபோது இன்னொரு குரலும் வந்தது. எனக்கு அதுதான் முக்கியம். குருக்களின் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்களின் அமெரிக்க அமைப்பு அன்றே கவலை தெரிவித்தது. 2022இல், அவர் ஆயராக இருந்தபோது, சிக்லாயோவில் மூன்று பெண்கள் குருக்கள் மீது கொடுத்த புகார் சரியாக விசாரிக்கப்படவில்லை என்கிறார்கள். விசாரித்து ரோமுக்கு அனுப்பினோம் என்கிறது மறைமாவட்டம். யார் சொல்வது சரி என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இது அரசியல் வசவு அல்ல, காயம்பட்டவர்கள் கேட்கிற கேள்வி. ஆயராக அவர் சொன்ன பதில் அன்றைக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். இப்போது ஆவணங்களைத் திறக்கும் அதிகாரம் அவர் கையிலேயே இருக்கிறது. திறக்க வேண்டும்.

அன்புடன்.