வங்கி தரும் முப்பது லட்சமும் வீடு தாங்கும் இருபது லட்சமும்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். ஓவர்டைம் 6,000 சேர்த்து மாதம் 36,000 கைக்கு வரும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 14,000, மே மாதம் கிடையாது. பர்கூர் பக்கம் அப்பாவின் மாந்தோட்டத்தில் என் பங்கு வருஷத்துக்கு 40,000, 50,000 வரும். வாடகை 8,000. வண்டிக் கடன் தவணை 3,200, இன்னும் 11 மாதம் பாக்கி. சீட்டு 5,000. 36 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம், கையில் 7 லட்சம் இருக்கிறது. 30 லட்சம் கடன் கிடைக்கும், தவணை 26,000தான், வருமானத்தில் பாதிதானே என்கிறார் கடன் ஏஜென்ட். வாங்கலாமா சார்? வருமானத்தில் எவ்வளவு வரை வீட்டுக் கடனுக்குப் போகலாம்?

பதில்: இந்த வீட்டை இந்தக் கடனில் வாங்க வேண்டாம் தம்பி. வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏஜென்ட் சொன்ன கணக்கில் பொய் இல்லை. 8.5 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு 30 லட்சம் வாங்கினால் தவணை ஏறக்குறைய 26,035. எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து கையில் வரும் சம்பளத்தில் பாதி, சில இடங்களில் 60 சதவீதம் வரைகூட வங்கிகள் ஒத்துக்கொள்வது உண்டு. ஆனால் அது வங்கி தன் பணம் திரும்பி வருமா என்று பார்க்கிற கணக்கு. மீதிப் பணத்தில் உங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எது வருமானம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓவர்டைமை ஒதுக்கி வையுங்கள். ஆர்டர் குறைந்தால் கம்பெனியில் முதலில் நிற்பது அதுதான். மாம்பழப் பணத்தையும் ஒதுக்குங்கள். பூவில் குத்தகைக்கு விட்டாலும் சரி, காயாக விற்றாலும் சரி, அந்தப் பணம் எவ்வளவு என்பது கைக்கு வந்த பிறகுதான் தெரியும். 2025-ல் பெங்களூரா ரக மாங்காய் விலை எப்படி விழுந்தது என்பதை உங்கள் அப்பாவைக் கேட்டால் போதும். ஆக, நம்பி நிற்கக்கூடியது 30,000-மும் 14,000-மும். மாதம் 44,000.

இதில் 26,035 என்றால் 59 சதவீதம். வண்டித் தவணை, சீட்டு இரண்டையும் கழித்தால் மீதி 9,765. அதற்குள் அரிசி, கேஸ், கரண்ட் பில், பெட்ரோல், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அப்புறம் மே மாதம். அப்போது வருவது 30,000, கட்ட வேண்டியது 34,235. பிள்ளைகள் இருந்தால் பள்ளிக் கட்டணமும் அதே நேரத்தில்தான் வந்து நிற்கும். இந்த மே மாதத்தை எந்த ஏஜென்ட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

கையிலிருக்கும் 7 லட்சத்துக்கும் ஓட்டை இருக்கிறது. 36-ல் 30 போக 6 லட்சம் நீங்கள் போட வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் அதுவே 3,24,000. பொதுவாக வங்கி இதற்குக் கடன் தராது. 2,24,000 குறைகிறது. அதற்கு மனைவியின் நகை அடகுக்குப் போகும், அல்லது மச்சானிடம் கைமாற்று. அந்த வட்டி ஏஜென்ட்டின் தாளில் இருக்காது.

‘அப்படியென்றால் 30 வருஷமாகப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அடுத்து சொல்வார்கள். தவணை 23,067 ஆகும், மாதம் மூவாயிரத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். ஆனால் 20 வருஷத்தில் மொத்த வட்டி சுமார் 32.5 லட்சம், 30 வருஷத்தில் 53 லட்சம். மூவாயிரத்தைக் குறைக்க இருபது லட்சத்துக்கு மேல் கொடுக்கிறோம்! தவிர, வட்டி இப்படியே நிற்கப் போவதில்லை. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. அதுபோல உங்கள் 8.5-உம் 11 ஆனால், 20 வருஷத் தவணை 31,000-ஐத் தொடும்.

சரி, எவ்வளவுதான் போகலாம்? உங்களைப் போன்ற குடும்பத்துக்கு, உறுதியான வருமானத்தில் 35 சதவீதம் என்பது என் கணக்கு. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் பாதியைக் கொடுத்தாலும் மீதியில் குடும்பம் ஓடும். 44,000-க்கு அந்தச் சலுகை கிடையாது. 35 சதவீதம் என்றால் 15,400, அதற்கு ஏறக்குறைய 18 லட்சம் கடன் வாங்கலாம். வாடகை 8,000 மிச்சமாகும், வண்டிக் கடனும் அடுத்த வருஷம் முடிகிறது என்பதால் 20 லட்சம் வரை நீட்டலாம். தவணை 17,356. அதற்கு மேல் வேண்டாம்.

20-உம் கையிலிருக்கும் 7-உம் சேர்த்து, பத்திரச் செலவு போக, 24 லட்சத்தை ஒட்டிய வீடாகத் தேடுங்கள். ஊருக்கு வெளியே கொஞ்சம் தள்ளிப் போக வேண்டிவரலாம், அறை ஒன்று குறையலாம். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-ல், வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, வீட்டு விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. ஐந்து தவணைகளில் அதிகபட்சம் 1,80,000 வரை வரும். உங்கள் குடும்பத்தின் பெயரில் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. பார்த்து வைத்திருக்கிற 36 லட்ச வீட்டுக்கு இது கிடைக்காது. 24 லட்ச வீட்டுக்குக் கேட்டுப் பார்க்கலாம், வங்கியிலேயே விசாரியுங்கள்.

ஒதுக்கி வைத்த மாம்பழப் பணத்துக்கும் வேலை இருக்கிறது. வந்த வருஷம் வந்ததை அசலில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. 20 லட்சக் கடனில் வருஷம் 40,000 கூடுதலாகப் போனால், 20 வருஷக் கடன் ஏறக்குறைய ஆறு வருஷம் முன்பே முடியும்.

இவ்வளவு சொல்லியும் மனசு அந்த 36 லட்ச வீட்டிலேயே நிற்கிறதா? ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். 26,000 தவணைக்கும் 8,000 வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 18,000. சம்பளம் வந்த அன்றே அதை ஆர்.டி.யில் போட்டுவிட்டு, மீதியில் குடும்பம் நடத்துங்கள். அந்த ஆறில் ஒரு மே மாதம் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: தர்மபுரியில் 2021-ல் வங்கியில் வீட்டுக் கடன் வாங்கினேன். 2025-ல் வட்டியைக் குறைத்தார்கள் என்று செய்தியில் வந்தது. என் தவணை ஒரு ரூபாய்கூட குறையவில்லையே?

பதில்: பெரும்பாலும் தவணையை அப்படியே விட்டு, மாதங்களைக் குறைத்திருப்பார்கள். 2022-ல் வட்டி ஏறியபோதும் நிறையப் பேருக்குத் தவணை ஏறாமல் மாதங்கள்தான் நீண்டன. கணக்கு அறிக்கையை வாங்கி, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள். மாதம் குறைந்திருந்தால் அப்படியே விடுங்கள், மொத்த வட்டியில் அதுதான் லாபம். கைச்செலவுக்கே நெருக்கடி என்றால் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வட்டி மாறும்போது தவணையா காலமா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இரண்டுமே மாறவில்லை என்றால், வட்டி எதனுடன் இணைந்திருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் மாறும் வட்டியில் தந்த வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைந்திருக்க வேண்டும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.