ஆடுவதற்கு நாங்களே பணம் கட்டுகிறோம், இது சரியா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு கவர்ச்சி நடனக் கிளப்பில் இரண்டு வருடமாக ஆடுகிறேன். சேரும்போது ‘இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர்’ என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். சம்பளம் கிடையாது. ஷிஃப்டுக்கு 120 டாலர் ‘ஹவுஸ் ஃபீ’ நாங்கள்தான் கட்ட வேண்டும். போன வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் கொடுத்தது 310 டாலர். ஹவுஸ் ஃபீ, டீஜேக்கு 20, பவுன்சருக்கு 20, மேனேஜருக்கு 15, 12 நிமிடம் தாமதமாக வந்ததற்கு அபராதம் 50 எல்லாம் போக, எட்டு மணி நேரம் ஆடிவிட்டு 85 டாலரோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு வாடிக்கையாளர் அத்துமீறித் தொட்டதைச் சொன்னபோது, “இந்த வேலைன்னா அதெல்லாம் இருக்கும்” என்றார் மேனேஜர். எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. கூட ஆடும் தோழி மாணவர் விசாவில் இருக்கிறாள். ஏதாவது செய்ய முடியுமா? வீட்டுக்குத் தெரியாது, பெயர் போட வேண்டாம்.

பதில்: முடியும். முதலில் அந்தக் காகிதத்தைப் பற்றிய பயத்தை விடுங்கள். நீங்கள் தொழிலாளியா, கான்ட்ராக்டரா (அதாவது சொந்தமாகத் தொழில் நடத்துகிறவரா) என்பதை உங்கள் கையெழுத்து தீர்மானிப்பதில்லை, வேலை நடக்கும் விதம்தான் தீர்மானிக்கிறது. 2018இல் டைனமெக்ஸ் என்ற வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. 2020 முதல் அது மாநிலச் சட்டமாகவே இருக்கிறது. உங்களைக் கான்ட்ராக்டர் என்று சொல்லும் கிளப் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, உங்கள் வேலையை அவர்கள் கட்டுப்படுத்துவதில்லை. இரண்டு, நீங்கள் செய்வது அவர்களுடைய வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலை. மூன்று, நீங்கள் சொந்தமாக இதே தொழிலை நடத்துகிறீர்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் நீங்கள் தொழிலாளிதான்.

தாமதத்துக்கு அபராதம் போடுகிறவர் கட்டுப்படுத்தவில்லை என்று எப்படிச் சொல்வார்? இரண்டாவது இன்னும் கஷ்டம். கிளப் வாசலில் விளம்பரம் செய்வதே உங்கள் நடனத்தைத்தான்.

இனி அந்த வெள்ளிக்கிழமையைத் தொழிலாளியின் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 2026இல் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.90 டாலர் (சில நகரங்களில் இதைவிட அதிகம்). எட்டு மணி நேரத்துக்கு 135.20. டிப்ஸைக் காட்டி இதைக் குறைக்க இந்த மாநிலத்தில் இடமில்லை. அப்புறம் அந்த 310 டாலர். மாநிலத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 350ஆம் பிரிவு நடனக் கலைஞர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: வாடிக்கையாளர் அவர்களிடம் நேரடியாகக் கொடுக்கும் எந்தத் தொகையும் டிப்ஸ்தான். டிப்ஸ் தொழிலாளியின் சொத்து, முதலாளியோ மேனேஜரோ அதில் கை வைக்கக் கூடாது. இது உங்களுக்காகவே எழுதிய வரி, மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக மேனேஜர் எடுத்த 15 சட்டவிரோதம். வேலை செய்வதற்குத் தொழிலாளியிடமே 120 வசூலிக்கவும் முடியாது. 12 நிமிடத் தாமதத்துக்கு 2928ஆம் பிரிவின்படி அதிகபட்சம் அரை மணி நேரக் கூலியைப் பிடிக்கலாம். அது 8.45 டாலர், 50 இல்லை. டீஜே, பவுன்சர் பங்கு நியாயமான அளவு என்று கிளப் வாதாடக்கூடும். சரி, அந்த 40ஐ விட்டுக்கொடுத்தாலும் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டியது 396.75. வந்தது 85. ஒரே இரவில் 311 டாலருக்கு மேல் போயிருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையும் ஓய்வும் தரவில்லை என்றால் அதற்கான கூடுதல் கூலி தனி.

கூலிப் புகார்களை விசாரிக்கும் மாநில அலுவலகமான லேபர் கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுக்கக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறைந்தபட்சக் கூலிக்குப் பொதுவாக மூன்று வருடம் பின்னோக்கிக் கேட்கலாம், ஆகவே உங்கள் இரண்டு வருடமும் அதற்குள் வருகிறது. வேண்டுமென்றே தொழிலாளியைக் கான்ட்ராக்டர் என்று காட்டியிருந்தால் மீறல் ஒன்றுக்கு 5,000 முதல் 15,000 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் ‘ஆர்பிட்ரேஷன்’ (தகராறை நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவரிடம் தீர்ப்பது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழி மாறலாம், தொழிலாளர் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

இன்றிரவே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கியது, கட்டியது, யாரிடம் கட்டியது எல்லாம் அதில் ஏற வேண்டும். ஷிஃப்ட் அட்டவணையையும் அபராத அறிவிப்பையும் படம் எடுங்கள். மற்ற பெண்களோ வாடிக்கையாளர்களோ படத்தில் விழக் கூடாது. மேனேஜரின் மெசேஜ்களை அழிக்காதீர்கள். கிளப் புதிதாக நீட்டும் எந்தக் காகிதத்திலும், “சும்மா ஃபார்மாலிட்டி” என்று சொன்னாலும், நீங்கள் படித்து, வக்கீலிடமும் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அத்துமீறல் விஷயத்தில் மேனேஜர் சொன்னது சட்டப்படி தவறு. கவர்ச்சி நடனம் ஆட ஒப்புக்கொண்டது, யார் வேண்டுமானாலும் தொட ஒப்புக்கொண்டதாகாது. வாடிக்கையாளர் செய்த தொல்லை என்றாலும், தெரிந்தபின் தடுக்காத கிளப் பொறுப்பேற்க வேண்டும். கான்ட்ராக்டருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. மாநிலக் குடிமை உரிமைகள் துறையில், அதாவது சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்டில், மூன்று வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். போலீசுக்குப் போவது உங்கள் முடிவு. இந்தப் புகாருக்கு ஆர்பிட்ரேஷன் நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது, 2022இல் வந்த மத்திய அரசுச் சட்டம் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி உடன் ஆடுகிறவர்களோடு பேசவும் உரிமை உண்டு. நார்த் ஹாலிவுட்டில் ஸ்டார் கார்டன் என்ற கிளப்பின் நடனக் கலைஞர்கள் 2022இல் பாதுகாப்புக் கேட்டுப் போராட்டம் தொடங்கினார்கள். 2023 மே மாதம் தொழிற்சங்கத்துக்கான வாக்கெடுப்பு 17-0 என்று எண்ணப்பட்டது. சேர்ந்தது நடிகர்களின் ஈக்விட்டி சங்கத்தில்.

தோழி விஷயம் நாசூக்கானது. குடியேற்ற நிலை எதுவானாலும் கூலிச் சட்டம் அவருக்கும் பொருந்தும். “இமிக்ரேஷனுக்குச் சொல்லிவிடுவேன்” என்று முதலாளி மிரட்டினால் அந்த மிரட்டலே குற்றம். ஆனால் அனுமதியில்லாமல் வெளியில் வேலை செய்தது மாணவர் விசாவைப் பாதிக்கும். அதனால் எந்த மனுவிலும் பெயர் போடுவதற்கு முன் அவர் குடியேற்ற வக்கீலைப் பார்க்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு அவரைச் சாட்சியாக எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பெயர்? லேபர் கமிஷனர் மனுவில் பெயர் இருக்கும், கிளப்புக்கும் தெரியும். பழிவாங்கினால் அது தனிக் குற்றம். மனு கொடுத்து 90 நாளுக்குள் வேலையை விட்டு நிறுத்தினால், பழிவாங்கல்தான் என்று எடுத்துக்கொண்டு கிளப்பைத்தான் முதலில் காரணம் சொல்லச் சொல்வார்கள். நீதிமன்றத்துக்குப் போனால் புனைபெயரில் வழக்கு நடத்த அனுமதி கேட்கலாம், கிடைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. தபால் வீட்டுக்கு வருவதுதான் கவலை என்றால், மனு எழுதுவதற்கு முன்பே ஒரு தபால் பெட்டி எடுத்து அந்த முகவரியைக் கொடுங்கள்.