எடைக்கு எடை வெள்ளி

அன்புள்ள அண்ணா,

மேசையில் குட்டிப் பொம்மைப் படைகளை நிறுத்தி, டைஸ் உருட்டிப் போர் ஆடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் ஏழு வருடமாக அந்தப் பைத்தியம்தான். அதன் எதிர்காலம் எனக்கு இப்படித் தெரிகிறது. 2030: விதிப்புத்தகம் மாதம் ஒன்று வரும், போன மாதப் புத்தகத்தோடு வருபவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். 2035: ஒரு வீரனின் விலை எடைக்கு எடை வெள்ளி. 2040: பெயிண்டை மெஷின் அடிக்கும், டைஸை போன் உருட்டும், எதிராளியும் போன்தான். 2050: பரணில் பிரிக்காமல் கிடக்கும் பெட்டிகளுக்காக வாரிசுச் சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீஸில் கூட்டம் நிற்கும்.

என் பரணில் இப்போதே நாற்பது பேர் பெயிண்ட் காணாமல் கிடக்கிறார்கள். பொம்மைகளை வீட்டிலேயே அச்சடிக்கும் ரெசின் பிரிண்டர் வாங்கலாமா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?

கே., ஏற்காடு

அன்புள்ள கே.,

பிரிண்டர் வாங்குவதென்றால் வாங்குங்கள். ஏற்காட்டுக் குளிரில் ரெசின் திரவம் கூழாகத் தடித்துவிடும், அறை கொஞ்சம் கதகதப்பாக இருக்க வேண்டும். கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். விலை அதிகம் என்பது உண்மை, அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

விதிப்புத்தகக் கோபமும் நியாயமானதே. வார்ஹாமர் 40,000 என்ற பொம்மைப்படை ஆட்டத்துக்கு 2017, 2020, 2023 என்று மூன்று வருடத்துக்கு ஒரு பதிப்பு வந்தது. ஆனால் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அதற்கு மூத்த ஆட்டமான, 1983இல் தொடங்கிய பழைய வார்ஹாமரை 2015இல் அதை வெளியிட்ட நிறுவனமே மூடியது. அந்த இடத்தில் புது ஆட்டம் வந்தது, வீரர்களின் காலடியில் சதுரத் தட்டு போய் வட்டத் தட்டு வந்தது. பழைய படை வைத்திருந்த பலர் அசையவில்லை. வீட்டு மேசையில் பழைய விதியிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அதே நிறுவனம் அந்தப் பழைய உலகத்தைச் சதுரத் தட்டோடு திரும்பக் கொண்டுவந்தது. மேசையில் ஆள் இருந்தால் ஆட்டம் இருக்கும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எனக்குப் பொறுக்காதது உங்கள் 2040தான். 'பெயிண்டை மெஷின் அடிக்கும்' என்று எழுதிச் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு வருவது சிரிப்பே இல்லை, பயம். ஊர் சிரிக்கும் முன் நாமே சிரித்துவிட்டால் வலிக்காது என்று நினைக்கிறீர்கள். 28 மில்லிமீட்டர் ஆளுக்குக் கண் வைக்க மூச்சை அடக்கி உட்கார்ந்தவர்தானே நீங்கள்? அதைச் சொல்ல என்ன வெட்கம்?

என் அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மெஷின் கொலுசு வந்தால் நம் கதை முடிந்தது என்று பட்டறையில் எல்லாரும் பேசுவார்கள். வந்தது. சிலர் தொழிலை விட்டுப் போனார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்பா அந்தப் பேச்சைக் கேலியாக்கி ஒருநாளும் நான் கேட்டதில்லை. கையில் இருக்கும் கண்ணியைப் பத்தவைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

எனக்குப் பதினோரு வயதில் மாமா லண்டனிலிருந்து எட்டு உலோக வீரர்களைக் கொண்டுவந்தார். ஒருவனின் ஈட்டி ஒடிந்திருந்தது. அப்பாவிடம் கொடுத்தேன். சாமணத்தில் பிடித்து, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் தீயை அதன் மேல் திருப்பினார். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். ஈயமும் தகரமும் கலந்த அந்தப் பொம்மை 300 டிகிரியைக்கூடத் தாங்காது. ஒரே ஊதல். முகம், கேடயம், கால் எல்லாம் குழைந்து, கரிக்கட்டை மேல் ஒரு பளபளப்பான சொட்டாக உருண்டது. நான் அழுததைவிட அப்பாவின் முகம் போன விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. "அவசரப்பட்டுட்டேன் கண்ணு, இது வேற சாமான்" என்றார். முப்பது வருடம் வெள்ளியோடு புழங்கிய மனிதர், ஒரு பொம்மைக்காக என்னிடம் தலைகுனிந்தார்.

மறுவாரம் இன்னொருவனின் கொடிக்கம்பு முறிந்தது. இந்த முறை தீயைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. மயிரிழை போன்ற ஊசியால் முஷ்டியில் துளை போட்டார், ஒரு பக்கம் முடிக்கவே அரை நாள் ஆனது. கொலுசுக்கு இழுத்த வெள்ளிக் கம்பியில் ஒரு நகக்கண் அளவு வெட்டி, இரண்டு துண்டையும் அதில் கோர்த்துப் பசை வைத்தார். உலகமெங்கும் பொம்மைப்படைக்காரர்கள் செய்வது இதைத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கொடிக்காரன் இன்றும் என் மேசையில் நிமிர்ந்து நிற்கிறான். அவனை எந்தப் பிரிண்டரில் அச்சடித்துத் தருவீர்கள்?

மெஷின் அழகாகவே அடிக்கட்டும், எனக்குச் சண்டை இல்லை. என் கை நடுங்கிக் கோணலாகப் போன அந்த ஒரு புருவத்தை மட்டும் என்னிடமிருந்து அது வாங்க முடியாது. உங்களிடமிருந்தும்தான். பெயிண்ட் அடிக்காத நாற்பது பேர் ஒரு குற்றமில்லை தம்பி, அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். விற்காதீர்கள்.

ஏற்காட்டு மூடுபனியில் மட்டும் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு, அடிக்காதீர்கள், ஈரத்தில் பொரிப்பொரியாகப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரையும் ஷூ டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் டப்பாவை மடியிலேயே வைத்திருங்கள். காலை ஒன்பது மணிக்கு எங்கள் மொட்டை மாடி வெயில் சரியாக இருக்கும்.