எலக்ட்ரானிக் இசையை மாற்றிய ஆல்பங்கள் எவை? அந்த வகைகள் எங்கே, எப்படிப் பிறந்தன?

நான்கைந்து ஆல்பம் சொன்னால் போதும், கூடவே அந்த இசை வகை பிறந்த கதையையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பதில் ஜெர்மனியில் தொடங்கும். நான் ஜமைக்காவில் தொடங்குகிறேன். அதற்குக் காரணம் தங்கச்சிமடத்தில் ரேடியோ செட் வைத்திருந்த என் தாய்மாமா.

மாமாவிடம் நான்கு குழாய் ஸ்பீக்கர், இரண்டு பெரிய பெட்டி, அவரே சாலிடர் வைத்துக் கட்டிய ஒரு ஆம்ப்ளிபயர் இருந்தன. ஓரியூர் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, காதுகுத்து, கல்யாணம் என்று வருடம் முழுக்க வேலை வரும். லீவு நாட்களில் ஒயர் இழுக்க நானும் போவேன். பாம்பனில் ஒரு கல்யாண வீட்டில், அவசரத்தில் ஆம்ப்ளிபயரின் இரண்டு பக்கத்து பிளஸ்ஸையும் ஒரே பெட்டிக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டு ஓடியது, பாடுகிறவரைக் காணோம். குரலின் எக்கோ மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. அதுவரை பின்னால் கிடந்த வயலின்கள் முன்னால் வந்துவிட்டன. பந்தலில் இருந்த பிள்ளைகள் காணாமல் போன வரிகளைத் தாங்களே பாட ஆரம்பித்தார்கள். ஒயரைப் பிடுங்கப் போன என் கையை மாமா பிடித்துக்கொண்டார். "இருடா மாப்ள, முடியட்டும்" என்றார். அப்புறம் விளக்கினார்: ஸ்டீரியோவில் குரல் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். பிளஸ்ஸோடு பிளஸ்ஸைக் கொடுத்தால் சமமாக இருப்பதெல்லாம் அடிபட்டுப் போகும், வித்தியாசம் மட்டும் பெட்டிக்கு வரும்.

பல வருடம் கழித்து கிங் டப்பியைப் பற்றிப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. அவர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுது பார்த்தவர். சொந்தமாக ஒரு 'சவுண்ட் சிஸ்டம்' வைத்திருந்தார். பெரிய பெட்டிகளை அடுக்கித் தெருவில் பாட்டுப் போடும் தொழில் அது, நம் ரேடியோ செட்டேதான். 1968 வாக்கில் அங்கே ஒரு ரெக்கார்டு வெட்டும்போது குரல் விட்டுப்போனது. அதை அப்படியே போட்டார்கள், கூட்டமே பாடியது. அந்தத் தவறை டப்பி ஒரு கலையாக வளர்த்தெடுத்தார். நான்கு ட்ராக் மிக்ஸரில் குரலை இறக்கிவிடுவார். டிரம்மும் பேஸும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். திடீரென ஒரே ஒரு சொல்லை மேலே கொண்டுவந்து டேப் எக்கோவில் விட்டுவிடுவார், அது தேய்ந்து தேய்ந்து போகும். பதிவான பாட்டை மிக்ஸரிலேயே இன்னொரு பாட்டாக்குவது என்ற இந்த வழக்கத்துக்கு 'டப்' என்று பெயர். இன்று ரீமிக்ஸ் என்று நாம் சொல்வதெல்லாம் இதற்குக் கடன்பட்டவை. கேட்க வேண்டியது, மெலோடிகா என்ற, வாயால் ஊதி வாசிக்கும் சின்னக் கீபோர்டை வாசித்த அகஸ்டஸ் பாப்லோவோடு சேர்ந்து 1976-ல் வந்த 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்'.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவின் பழைய பெட்டியில் இதைப் போட்டுக் காட்டினேன். குரல் மறைந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "பேஸ் போகலையே, இது ஒயரில் செய்தது இல்லை" என்றார். சரியாகப் பிடித்தார். ஒயரில் செய்திருந்தால் நடுவில் இருக்கும் பேஸும் குரலோடு சேர்ந்து அடிபட்டிருக்க வேண்டும் அல்லவா?

சரி, ஜெர்மனி. டஸல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழுவின் ஆல்பங்களில் 1977-ன் 'ட்ரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' எனக்கு மிகவும் நெருக்கமானது. ரயிலை வைத்துக் கட்டிய இசை, இரும்பில் இரும்பு மோதும் தாளம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளம் அந்நியமாக இருக்காது. இந்த ஆல்பத்தின் மெட்டை எடுத்து, ரோலண்ட் டிஆர்-808 டிரம் மிஷினோடு சேர்த்து, நியூயார்க்கின் ஆப்பிரிக்கா பம்பாட்டா 1982-ல் 'பிளானட் ராக்' செய்தார். எலக்ட்ரோ என்ற வகை அங்கிருந்து கிளம்பியது.

டெக்னோ என்ற மிஷின் நடன இசை பிறந்த அமெரிக்க நகரம் டெட்ராய்ட்டில் நடந்தது இதைவிட அழகு. 'எலக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற பெயரில் ஒருவர் இரவில் வானொலி நிகழ்ச்சி நடத்தினார். கறுப்பர் இசை, வெள்ளையர் இசை என்று பிரிக்காமல் பிரின்ஸையும் கிராஃப்ட்வெர்க்கையும் அடுத்தடுத்துப் போடுவார். பக்கத்து பெல்வில் ஊரில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளி நண்பர்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். இலங்கை வானொலியால் காது வளர்ந்த எங்கள் கரைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். எங்கிருந்தோ இரவில் வரும் ஒரு குரல் தினமும் எதைப் போடுகிறதோ, அதுதான் ஒரு தலைமுறையின் ரசனை ஆகிறது. அட்கின்ஸ் இருந்த சைபோட்ரான் குழுவின் 'என்டர்' 1983-ல் வந்தது. 'டெக்னோ' என்ற பெயரை உலகம் பிடித்துக்கொண்டது, 1988-ல் இங்கிலாந்தில் ஒரு தொகுப்பு ஆல்பம் வெளியான பிறகுதான். பெரும்பாலான வகைகளில் இதுதான் நடந்திருக்கிறது. இசை முதலில் ஆட்டக்களத்தில் பிறந்துவிடுகிறது, ஆல்பம் பின்னால் வருகிறது. அதனால் ஆல்பங்களை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். சிகாகோவின் ஹவுஸ் என்ற நடன இசைக்குப் பெயர் தந்ததே ஃப்ராங்கி நக்கிள்ஸ் பாட்டுப் போட்ட 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்தான்.

அடுத்தது நம் நாட்டு ஆல்பம். பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று பத்து ராகங்களை மிஷின்களில் பதிவு செய்தார். டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர், அப்புறம் டிபி-303. இந்த 303 என்பது தனியாகக் கிட்டார் பழகுகிறவருக்கு பேஸ் துணையாக இருக்கட்டும் என்று ரோலண்ட் செய்த சின்னப் பெட்டி. அதிகம் பேர் வாங்காததால் 1984-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதில் வசதி உண்டு. ராகத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். யமன் நம் கல்யாணி, பூபாளி நம் மோகனம், அதனால் கேட்கும்போது பிடி கிடைக்கும்.

அதே 303-ஐ சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் பழைய விலைக்கு வாங்கி, குமிழ்களைத் திருகித் திருகி அதன் சத்தத்தைப் பிழிந்து 1987-ல் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் அப்படி வந்தது. ஐந்து வருடம் முன்பே சிங் செய்துவிட்டார், அதனால் ஆசிட் இந்தியாவில் பிறந்தது என்று பலர் பகிர்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஆல்பம் அன்று விற்கவில்லை, 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் கேட்டது. சிகாகோக்காரர்கள் அதைக் கேட்டு இதைச் செய்யவில்லை. ஒரே பெட்டி இரண்டு ஊர்களில் இரண்டு விதமான கைகளில் கிடைத்தது. அந்த மனிதரைப் பெருமைப்படுத்த இதுவே போதும்.

சூழலோடு கலந்து மெதுவாக ஓடும் ஆம்பியன்ட் வகைக்கு பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', 1978. வெவ்வேறு நீளமுள்ள டேப் வளையங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரே சேர்க்கை எளிதில் திரும்ப வராது. சாயங்காலம் தங்கச்சிமடத்துக் கரையில் உட்கார்ந்து மெதுவாகப் போட்டுக் கேட்பேன், அலைச் சத்தம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டப்பையும் டெக்னோவையும் மட்டும் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் வராது. நல்ல ஹெட்போன், முடிந்தால் பெரிய பெட்டி. முதலில் டப்பி, அடுத்து சரண்ஜித் சிங், அப்புறம் மற்றவை.