தண்ணீரில் பிரசவம்: தொட்டியில் இறங்குவதற்கு முன்

மருத்துவமனையில் தண்ணீர்த் தொட்டிக்குள் நடக்கும் பிரசவம் பற்றி வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் மகப்பேறு மருத்துவக் குழுவின் பதில்கள்.

எனக்கு 28 வாரம், முதல் குழந்தை. பிரஷர், சுகர் எதுவும் இல்லை. தண்ணீர்ப் பிரசவம் என்றால் சிசேரியனைத் தவிர்த்துவிடலாம் என்கிறார்களே, உண்மையா? எனக்கு ஒத்துவருமா?
- வாசகி, கோவை

தவிர்த்துவிடலாம் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் நூறில் 45 பிரசவம் சிசேரியன். அதனால் உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 15 ஆய்வுகளையும் 3,663 பெண்களையும் சேர்த்துப் பார்த்தது. வலியின் முதல் கட்டத்தில் (கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரை) தண்ணீரில் இருந்தவர்களுக்கு எபிடியூரல் போன்ற மரத்துப்போகும் ஊசியின் தேவை கொஞ்சம் குறைந்தது. சிசேரியன் எண்ணிக்கையில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர் வலியைத் தாங்க உதவுகிறது, உடம்பை லேசாக்குகிறது. அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான்; இதுவே பெரிய விஷயம்.

ஒத்துவருமா என்பதை 36 வாரத்துக்குப் பிறகே முடிவாகச் சொல்ல முடியும். 37 வாரம் முடிந்து 42க்குள் இருக்க வேண்டும். ஒற்றைக் குழந்தை, தலை கீழே. வலி தானாக வந்திருக்க வேண்டும். வலி வரவழைக்க ட்ரிப் ஏற்றினால், ரத்தப்போக்கு இருந்தால், காய்ச்சல் வந்தால், பிரஷர் ஏறினால் தொட்டி கிடையாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி கிருமி, வலிப்பு நோய் உள்ளவர்களைப் பெரும்பாலான இடங்களில் சேர்ப்பதில்லை. முந்தைய சிசேரியன் தழும்பு இருந்தாலும் நம் ஊர்களில் பொதுவாக மறுப்பார்கள். மறுப்பது சரிதான், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்கும் நீர்புகாத கருவி எல்லா இடத்திலும் இல்லை. ஹீமோகுளோபினை இப்போதே கவனியுங்கள். 8, 9 என்று இருந்தால் சாதாரண ரத்தப்போக்கே ஆளைச் சாய்த்துவிடும்.

என் மகள் தொட்டியில் பிரசவம் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள். குழந்தை தண்ணீரைக் குடித்துவிடாதா? பச்சை உடம்புக்காரி தண்ணீரில் கிடந்தால் ஜன்னி கண்டுவிடாதா?
- வாசகி, தஞ்சாவூர்

அம்மா, நீங்கள் கேட்ட முதல் கேள்விதான் மருத்துவர்களும் இன்றுவரை கேட்டுக்கொண்டிருப்பது. வயிற்றுக்குள் குழந்தை தண்ணீரில்தான் இருக்கிறது. பிராணவாயு தொப்புள் கொடி வழியாக வருகிறது. வெளியே வந்த தலை, முகத்தில் காற்றும் குளிர்ச்சியும் படும்வரை பொதுவாக மூச்சு இழுக்காது. ஆனால் உள்ளேயே மூச்சுத் திணறலில் இருந்த குழந்தை இந்தத் தடையை மீறித் தண்ணீருக்குள்ளேயே வாய் பிளந்து இழுத்துவிடும். இதயத்துடிப்பு தடுமாறினாலோ, பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ உடனே வெளியே வரச் சொல்வது அதனால்தான்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016ல், வலியின் முதல் கட்டத்தில் தண்ணீரில் இருப்பதை ஏற்றுக்கொண்டு, குழந்தையைத் தண்ணீருக்கு வெளியே பெறுவதே நல்லது என்று பரிந்துரைத்தது. பிரிட்டனில் தண்ணீரிலேயே பெறுவதும் வழக்கமான ஏற்பாடு. மகள் வலியைத் தண்ணீரில் கழித்துவிட்டுக் கட்டிலுக்கு வந்து பெற்றெடுத்தால், கிடைக்க வேண்டிய நன்மையில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்றே சொல்வோம்.

பிரசவித்த பின் வரும் காய்ச்சலுக்குக் காரணம் கிருமி, தண்ணீரின் குளிர்ச்சி அல்ல. ஆனால் ஈர உடம்போடு ஏ.சி. காற்றில் நின்றால் நடுக்கம் வரும், குழந்தையின் உடல் சூடும் மளமளவென்று இறங்கும். பேறுக்கு முன்பே ஏ.சி.யையும் ஃபேனையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளலாம்.

சென்னையில் இரண்டு மருத்துவமனைகள் பார்த்தோம். இரண்டிலும் அழகான தொட்டி, மெழுகுவர்த்தி, பாட்டு. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, வேளச்சேரி

மெழுகுவர்த்தியை விடுங்கள். முதலில் கேட்க வேண்டியது: "நான் தொட்டிக்குள் மயங்கி விழுந்தால் எப்படி வெளியே எடுப்பீர்கள்?" பதில் தெளிவாக வர வேண்டும். தூக்கும் வலை எங்கே மாட்டியிருக்கிறது, எத்தனை பேர் சேர்ந்து தூக்குவார்கள், டிராலி எந்தப் பக்கம் வந்து நிற்கும், கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தார்கள். "அப்படியெல்லாம் ஆனதில்லை மேடம்" என்று சிரித்தால் அடுத்த மருத்துவமனையைப் பாருங்கள். தொட்டியைச் சுற்றி மூன்று பக்கமாவது ஆள் நிற்க இடம் வேண்டும். சுவர் மூலையில் பதித்த குளியல் தொட்டி படத்துக்கு அழகு, அவசரத்துக்கு ஆகாது.

அடுத்தது இதயத்துடிப்பு. தண்ணீருக்குள் வைத்துக் கேட்கும் நீர்புகாத டாப்ளர் கருவி இருக்கிறதா? முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, வலி ஓய்ந்த உடனே, முழுதாக ஒரு நிமிடம் கேட்க வேண்டும். முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இதைச் செய்ய உங்களுக்கென்றே ஒரு மருத்துவச்சி நர்ஸ் கடைசிவரை அறையில் இருக்க வேண்டும். இரவு டியூட்டியில் மூன்று கட்டிலுக்கு ஒரே நர்ஸ் என்றால், பகலில் வலி வந்தவளுக்கு மட்டும்தான் அங்கே தண்ணீர்ப் பிரசவம்.

குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் மேசை, ஆக்சிஜன், குழந்தை மருத்துவர் எல்லாம் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் அதே தளத்தில் இருந்தால் நல்லது. லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் புது லைனர் உறை போடுகிறார்களா? குழாய்களை நாள்தோறும் சில நிமிடம் ஓடவிடுகிறார்களா? ரப்பர் ஹோஸில் தேங்கிய நீர்தான் கிருமிக்கு வீடு. குமிழி விடும் ஜக்கூசி வகைத் தொட்டி வேண்டாம். அதன் உள்குழாய்களை யாராலும் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. ஒருவர் பயன்படுத்திய பின் தொட்டியை வடித்து, துடைத்து, குளோரின் கரைசலை ஊறவிட்டு அலசி உலர்த்த வேண்டும். கட்டணம் பற்றி ஒரே கேள்வி போதும்: தொட்டியில் இறங்காமலே சிசேரியன் ஆனால் அதற்கு என்ன பில்?

வலி வந்ததும் இறங்கிவிடலாமா? உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம்? இடையில் வலி தாங்கவில்லை என்றால்?
- வாசகி, மதுரை

அவசரப்படாதீர்கள். பொய் வலியிலோ தொடக்க வலியிலோ இறங்கினால் சுகமாக இருக்கும், ஆனால் பிரசவ வலியே அடங்கிப்போகலாம். கர்ப்பப்பை வாய் 4, 5 சென்டிமீட்டர் திறந்து, பத்து நிமிடத்துக்கு மூன்று வலி என்று சீராக வரும்போது இறங்குவதே நல்லது. தண்ணீர் மார்பின் கீழ்ப்பகுதி வரை, வயிறு முழுதும் மூழ்கும்படி இருக்க வேண்டும். வயிறு மேலே தெரிந்தால் மிதக்கும் பலன் கிடைக்காது.

சூடு முக்கியம். 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு சொல்லும் வரம்பு. மணிக்கு ஒருமுறை தண்ணீரின் சூட்டையும் உங்கள் உடல் சூட்டையும் எழுதி வைக்க வேண்டும். வெந்நீர் இதமாக இருக்கிறதென்று இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்கள். உங்கள் உடல் சூடு ஏறினால் குழந்தையின் இதயத்துடிப்பும் ஏறும், அதற்குப் பிராணவாயுத் தேவையும் கூடும். முகம் சிவந்து வியர்த்தால் கைகளையும் தோளையும் வெளியே எடுத்து வைத்து, நெற்றியில் ஈரத்துணி போடச் சொல்லுங்கள்.

நேரத்துக்குக் கறாரான எல்லை இல்லை. சிறுநீர் கழிக்க இரண்டு மணிக்கொருமுறை எழுந்து வாருங்கள். நிறைந்த மூத்திரப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். அந்த நடையே பலருக்கு வலியை முடுக்கும். எழும்போது தலை சுற்றலாம், இருவர் பிடித்துக்கொள்ளட்டும். இளநீர், மோர், கஞ்சித் தண்ணீர் என்று வாய்க்கு வாய் குடித்துக்கொண்டே இருங்கள்.

வலி தாங்கவில்லை என்றால் வெளியே வந்து எபிடியூரல் கேளுங்கள். பெத்திடின் போன்ற வலி குறைக்கும் ஊசி போட்டால் 2 மணி நேரம் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, தூக்கக் கலக்கம் இருந்தால் அதற்குப் பிறகும் கூடாது.

மனைவியோடு நான் உள்ளே இருக்க அனுமதி உண்டு. குழந்தை வரும் நேரத்தில் என்ன நடக்கும்? நான் என்ன செய்யலாம்?
- வாசகர், பெங்களூரு

அந்த நேரத்தில் கை வைக்காமல் இருப்பதே உங்கள் வேலையில் பாதி. தண்ணீரில் தலை வரும்போது நர்ஸ்கூடப் பெரும்பாலும் தொடமாட்டார். கொடி சுற்றியிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கமாட்டார், கொடியைத் தண்ணீருக்குள் வெட்டவும் மாட்டார். தொடுதலே குழந்தையை மூச்சிழுக்கத் தூண்டலாம். தலை வந்த பிறகு மனைவி இடுப்பை உயர்த்தி, குழந்தையின் முகம் காற்றில் பட்டுவிட்டால், மறுபடி தண்ணீருக்குள் போகக் கூடாது. அப்படியே நின்று பெற வேண்டியதுதான். தோள் சிக்கினாலும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஒரு காலைத் தொட்டி விளிம்பில் வைக்க வேண்டி வரும். நீங்கள் முதுகுப் பக்கமாகத் தாங்கிப் பிடியுங்கள்.

உடல் முழுதும் வந்ததும் உடனடியாக, ஆனால் வெடுக்கென்று இழுக்காமல், முகம் முதலில் வரும்படி மேலே கொண்டுவருவார்கள். கொடி அறுந்துபோவது தண்ணீர்ப் பிரசவத்தில் நாங்கள் அஞ்சும் விபத்து. கொடி குட்டையாக இருந்து, தண்ணீர் ஆழமாக இருந்து, ஆர்வத்தில் யாராவது சட்டென்று மார்பு வரை தூக்கினால் பிய்ந்துவிடும். குழந்தையின் ரத்தம்தான் போகும், கலங்கிய நீரில் அது கண்ணுக்கும் படாது. கொடியை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கவ்விகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

பிறகு குழந்தையின் உடம்பு தண்ணீரில், தலை வெளியே, அம்மாவின் மார்பில். தலையைத் துடைத்துக் குல்லாய் போடுங்கள். நஞ்சுக்கொடி விழ மனைவி வெளியே வருவதே நல்லது. எவ்வளவு ரத்தம் போகிறது என்று தொட்டிக்குள் கணிக்க முடியாது. கட்டிலில் என்றால் துணியை எடைபோட்டே சொல்லிவிடலாம். ரத்தப்போக்கைக் குறைக்கத் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதும் அங்கேதான். கிழிசல் இருந்து ரத்தம் அதிகம் இல்லையென்றால், ஊறிய தசை இறுகட்டும் என்று தையலை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

பையில் என்ன எடுத்துவைக்க?
- வாசகி, நாகர்கோவில்

வழக்கமான பிரசவப் பையோடு பெரிய துண்டு ஆறு, குழந்தைக்குக் குல்லாய் இரண்டு (ஒன்று நனைந்தே தீரும்), ரப்பர் அடி வைத்த செருப்பு, உறிஞ்சு குழல் உள்ள தண்ணீர்க்குடுவை. நைட்டி நனைந்தால் கால் பின்னும். இடுப்பு வரை வரும் காட்டன் டாப் போதும். தலைக்கும் வயிற்றுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள், தொட்டி வழுக்கும், பிடித்துத் தூக்கவும் முடியாது. பிக்மி (தமிழ்நாடு அரசின் கர்ப்பப் பதிவு) எண் உள்ள அட்டையை மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை.

ஊதும் தொட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன?
- வாசகி, ஈரோடு

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டிக்குச் சுமார் 500 லிட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, கீசர் தண்ணீர் 60 டிகிரி என்றால் 140 லிட்டர் வெந்நீர் கலந்தால்தான் 37 வரும். 25 லிட்டர் கீசர் ஆறு முறை காய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். மூன்று மணி நேரத்தில் முதலில் ஊற்றியது ஆறிவிடும். முன்கூட்டியே நிரப்பிச் சூடாக வைத்தாலோ இன்னும் ஆபத்து. 2014ல் பிரிட்டனில் அப்படி வைத்திருந்த தொட்டியில் வீட்டில் பிறந்த குழந்தைக்கு லெஜியோனெல்லா கிருமியால் நிமோனியா வந்தது. பம்ப் வைத்துச் சூடேற்றும் அந்த வகைத் தொட்டிகளை வீட்டுப் பிரசவத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்தது.

இதையெல்லாம் சரிசெய்தாலும், ரத்தப்போக்கு தொடங்கினால் வீட்டில் யார் பார்ப்பது? 2018ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்த பெண் ரத்தப்போக்கில்தான் இறந்தார். வேண்டாம்.

தொட்டித் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போடலாமா?
- வாசகி, சேலம்

கூடாது. தண்ணீரின் நிறம் மாறினால் ரத்தமும் தெரியாது, பச்சை நீரும் தெரியாது. பன்னீர், வாசனை எண்ணெய், பூ இதழ் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.